ஊதா மூடிக் குழாய்

வெள்ளவத்தை,
12.03.2000.

சாம்பவியின் அப்பாவுக்கு,

நலம். கனடாவில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே காலி வீதியில் மறுபடியும் செக்கிங். பொலிஸ் பதிவைப் புதுப்பித்துவிட்டேன்.

உங்கள் அக்கா போனில் சொல்லியிருக்க மாட்டா, நான் எழுதுகிறேன். சாம்பவிக்கு இரத்தத்தில் ஒரு வருத்தமுமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு உங்கள் அக்கா புருஷன் சிவபாலன் அண்ணையின் லாப்பில் பார்த்தபோது, இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் பதினாலாயிரம் என்று வந்ததல்லவா? அங்கே இரத்தம் எடுப்பது ஊதா மூடிக் குழாயில். உறையாமலிருக்க அதற்குள் ஒரு மருந்து இருக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்தே சிறுதட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுமாம். உடம்புக்குள் அல்ல, குழாய்க்குள். மெஷின் அந்தக் கட்டிகளைக் கணக்கில் எடுக்காது. ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணை பார்க்கவில்லை. "புது மெஷின் பிள்ளை, பிழைவிடாது" என்றார்.

அதை நம்பித்தான் குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி விட்டு உள்ளே இருக்கும் மச்சையை எடுத்தார்கள். அவள் கத்தக் கத்தப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. ஸ்டெரொயிட் குளிசையால் முகம் ஊதி, வகுப்பில் அவளைப் பேக்கரிப் பணிஸ் என்று கூப்பிடுகிறார்கள். நீங்களும் அக்காவின் பேச்சைக் கேட்டு, விசா மெடிக்கலில் பிடிபடும் என்று எங்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவலை நிறுத்தினீர்கள்.

போன கிழமை அவளுக்குப் பால்பல் விழுந்தது. பஞ்சை வைத்தேன், இரத்தம் உடனே நின்றுவிட்டது. விலங்கியல் படித்த எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பதினாலாயிரத்தோடு இப்படி நிற்காது. தெஹிவளையில் டொக்டர் றேமண்டிடம் கொண்டு ஓடினேன். அவர் வேறு மருந்துள்ள நீல மூடிக் குழாயிலும் எடுத்துப் பார்த்தார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஊதாக் குழாய் இரத்தம் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்ததை எனக்கும் காட்டினார். குளிசையைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

றிப்போட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணை வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். உங்கள் அக்காதான், "எங்கடை பக்கத்தில ஒருத்தருக்கும் இப்பிடி ஒட்டினதில்லை. உம்மடை அம்மா பக்கமாத்தான் இருக்கும்" என்றா. கோயிலடியில் தெரிந்த சனமெல்லாம் என் பிள்ளையைப் பாவம் பார்க்கிறது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

அக்காவின் மகள் அருந்ததிக்கு லண்டன் சம்பந்தம் பொருந்தி வந்தது தெரியும்தானே? நேற்று மாப்பிள்ளையின் தாய் ஹெவ்லொக் டவுனிலிருந்து என்னிடம் விசாரிக்க வந்தா. வாழ வந்தவளிடம் கேட்டால்தானே வீட்டு விசயம் வெளியே வரும். தேத்தண்ணி கொடுத்தேன். குரலைத் தணித்து, "சின்னவளுக்கு ஏதோ இரத்த வருத்தமாம். தாய் வழியோ, தகப்பன் வழியோ?" என்று கேட்டா.

றேமண்டின் றிப்போட் அலுமாரியில்தான் இருந்தது. நான் எழும்பவில்லை. "எனக்கென்ன தெரியும் அன்ரி? சிவபாலன் அண்ணையின்ரை லாப்பிலைதான் கண்டுபிடிச்சவை. பிழைவிடாத மெஷினாம். அவரிட்டையே கேளுங்கோ" என்றேன். அவ தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனா.

இன்று காலையிலிருந்து டெலிபோன் அடிக்கிறது. அக்காவாகத்தான் இருக்கும், நான் எடுக்கவில்லை. இனி அண்ணைக்கு இரண்டே வழிதான். என் லாப் பிழைவிட்டது என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அருந்ததிக்கும் ஓடுகிற எங்கள் வீட்டு இரத்தம் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா உங்களிடம் அழுவா. அழட்டும். சாம்பவி அழுதபோது நீங்கள் ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை.

ஸ்பொன்சர் பத்திரங்களை இந்தக் கிழமையே போடுங்கள். போட்ட பிறகு எனக்கு எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

அருந்ததி நல்ல பிள்ளை. அவளுடைய கல்யாணம் சிறப்பாக நடக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். அவளுடைய அப்பா வாய் திறக்கட்டும், நடக்கும்.

இன்னும் உங்களை நம்பியிருக்கும்,
நளாயினி