கொட்டாத பாசி ஜாடி

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், நான் நம்பவில்லை. ஆய்வுக்கூடத்து ஜாடிகளில் மின்சாரம் உண்டாவது நின்றுவிட்டது, ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்து ஏதாவது ஆபீஸ் வேலை பார்க்கிறேன், பால்கனியில் நான் வைத்துவிட்டு வந்த பாசி ஜாடியையும் கொட்டிவிடுங்கள் என்று எழுதுகிறவள் எப்படிச் சுகமாக இருப்பாள்.

கொட்டத்தான் போனேன். அடியில் சேறு, மேலே பச்சைப் பாசி, சேற்றில் ஒரு கார்பன் துணி, தண்ணீரில் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு வயர். காலமெல்லாம் வயரிங் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, மீட்டரை வைத்தேன், முள் அசைந்தது. செத்த பாசியைச் சேற்றுக் கிருமிகள் தின்று மின்சாரம் விடும் என்று நீ சொன்னபோது தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. அன்று முதல் பல் தேய்க்கும் முன்பே பால்கனிதான். வெயில் ஏறினால் முள்ளும் ஏறியது, ஏன் என்று அம்மாவைக் கேட்டால், "வெயில் பட்டா பாசி மூச்சு விடும், அந்தக் காத்துல கரண்ட் கூடும்னு உங்க பொண்ணு நூறு தடவ சொன்னா, நீங்கதான் காதுல வாங்கல" என்கிறாள்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். சேற்றுத் துணியை எடுத்துப் பார்த்தால் ஒரே வழவழப்பு. முனையில் அழுக்கு இருந்தால் கரண்ட் ஓடாது, சுரண்டி எடு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்தேன், முள் படுத்துவிட்டது. "அந்த வழவழப்புதான் கிருமி, வேல பாக்கறவங்கள எல்லாம் கழுவி ஊத்திட்டு கரண்ட் வரலன்னு நிக்கறீங்க" என்று அம்மா சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். நானோ உன் ஜாடியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். துணியைப் பழைய சேற்றிலேயே புதைத்துவிட்டுத் தொடாமல் விட்டேன். வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. நேற்றுதான் முள் லேசாக எழுந்தது. சேற்றில் மிச்சம் இருந்த கிருமிகள் மறுபடி துணியில் குடியேறிவிட்டன போலிருக்கிறது, சரிதானா? உங்கள் ஆய்வுக்கூடத்திலும் என்னைப் போல ஒரு சுத்தக்காரர் இருக்கிறாரா, இல்லை அது வேறு சீக்கா? கேட்க ஆயிரம் இருக்கிறது, பதில் தெரிந்தவள் எனக்கு நீ ஒருத்திதான்.

நீ வந்தால் வேண்டாம் என்பேனா, தோற்று வந்தாலும் உன் அறை உன்னுடையதுதான். ஆனால் இதற்குப் பதில் எழுதிவிட்டு முடிவெடு. வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டது துலங்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. ஜாடியை என்ன செய்யலாம் என்று அம்மாவைக் கேட்டேன், "கொட்டச் சொன்னவளே வந்து கொட்டட்டும், மனசு வருதான்னு பாப்போம்" என்கிறாள்.

இப்படிக்கு,
மீட்டரும் கையுமாக,
உன் அப்பா