மொழிக்கு முதலில் வராத எழுத்து

ஜூலை 4, இரவு

அன்புள்ள ஏணி அக்கா,

என்னை நினைவிருக்கிறதா? போன வருடம் உங்கள் அறிவியல் புனைகதைக் கூடுகை எங்கள் ஊருக்கு வந்தபோது, "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டேன். "ஏணியப் பிடி, அதான் டிக்கெட்" என்றீர்கள். நீங்கள் மேலே பதாகை கட்ட, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னேனே, அந்தக் கடைசி பெஞ்சு நான்தான்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் மாமா. படிப்புக்காக அவர் வீட்டில் தங்கியிருக்கிறேன்; எங்கள் பள்ளித் தமிழாசிரியரும் அவர்தான். இந்த வருடக் கூடுகைக்கு அவர் அனுப்பிய 'உப்புக் கிரகம்' அன்று ஏணியடியில் நான் சொன்ன அதே கதை. நான் குளிக்கப் போகும்போது நோட்டைப் பார்த்து எழுதியது. கேட்டதற்கு, "இங்க இருந்து படிக்கணுமா, மூட்டையக் கட்டணுமா?" என்கிறார்.

அவர் பெயரை எடுத்துவிடுங்கள் அக்கா. பதிலை நூலகர் அக்கா முகவரிக்கு அனுப்புங்கள்.

கடைசி பெஞ்சு

*

ஜூலை 15

கடைசி பெஞ்சுக்கு,

படித்ததும் ரத்தம் கொதித்தது. எங்கள் அமைப்பாளர் கூட்டத்தில் சொன்னேன். "ஏணி மேல நின்னவ காதுல விழுந்ததெல்லாம் சாட்சியா?" என்று கையேடு அச்சிடும் அச்சு அண்ணன் கேட்டார். எல்லாரும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். விதி ஒன்றுதான் எங்கள் முதலாளி. வந்த கதையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டோம்.

கதையின் முடிவு இன்னும் வரவில்லை. விரைவில் அனுப்புவதாக உன் மாமா எழுதியிருக்கிறார். மேடையில் படிப்பவர் சட்டையில் 'கதைசொல்லி' என்று அட்டை குத்துவோம். கையேட்டில் ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் பெரிதாகச் சிவப்பில் போடுவது அச்சு அண்ணனின் ஆசை.

உன் நோட்டில் முடிவு இருந்தால்தானே அவர் அனுப்ப முடியும், அதை எழுதிவிடாதே, கண்ணு.

ஏணி

*

ஆகஸ்ட் 2, இரவு

அன்புள்ள அக்கா,

எழுதிவிட்டேன். எனக்காக இல்லை, அவருக்காக. ஐந்து பத்திகள். கப்பல், தையல், திசை, ருசி, டிங் என்று தொடங்குகின்றன. சிவப்பு எழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள். கதைசொல்லி மாதிரி அதுவும் ஒரு பட்டம்தான்.

'டி'க்குத்தான் மூன்று இரவுகள் போயின. கடைசியில் கப்பலின் மணியை அடித்துவிட்டேன்.

நோட்டை மறந்தவள்போல மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிக்கொண்டேன், பார்த்து எழுத அவருக்கு நேரம் வேண்டுமே. இப்போது பயமாக இருக்கிறது. பரவாயில்லை. அவர் தலை குனிவதை எனக்காக நீங்கள் பார்க்கவேண்டும்.

கடைசி பெஞ்சு

*

செப்டம்பர் 9

என் கடைசி பெஞ்சுக்கு,

முடிவு வந்ததும் திக்கென்றது. 'ருசி'யை 'உருசி' ஆக்கியிருந்தார். மொழிக்கு முதலில் 'ரு' வராதாம். தமிழாசிரியர் அல்லவா! 'டிங்' மட்டும் ஒலிக்குறிப்பு என்று தப்பித்துக்கொண்டது. என் கை அரித்தது. ஆனாலும் மாற்றவில்லை. 'கதைதிஉடி' என்றே அச்சானது.

உன் மாமா மேடையில் படித்து முடித்ததும் நல்ல கைதட்டல். கேள்வி நேரத்தில் முன்வரிசைப் பல் மருத்துவர் எழுந்தார்.

"சார், செவப்பு எழுத்தச் சேர்த்தா 'கதைதிஉடி'ன்னு வருது. உப்புக் கிரகத்து பாஷையா?"

உன் மாமா கையேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமா. நானே உருவாக்கின சொல்."

"நடுவுல அந்த 'உ' மட்டும் வாய்ல ஒட்ட மாட்டேங்குதே?"

"நல்ல கேள்வி! மொதல்ல அங்க 'ரு'தான் இருந்துச்சு. இலக்கணம்னு ஒண்ணு இருக்கில்ல? நான்தான் 'உ' போட்டுத் திருத்தினேன்."

இருநூறு பேர் தாள் புரட்டும் சத்தம். பல் மருத்துவர் விரல் வைத்துக் கூட்டினார்: "க, தை, தி, ரு..." மிச்சத்தை அரங்கமே சொல்லிவிட்டது. நான் எழுந்து, ஏணியடியில் கேட்ட கதையைச் சொன்னேன். இந்த முறை யாரும் சாட்சி கேட்கவில்லை. அவர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாகப் போனார்.

பயமாக இருந்தால் நூலகரிடம் ஓடிவிடு. பேசி வைத்திருக்கிறேன்.

ஏணி

*

செப்டம்பர் 14, இரவு

அன்புள்ள அக்கா,

மாமா திரும்பி வந்து ஐந்து நாள் பேசவில்லை. "நாக்க அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று அத்தை கேட்டுப் பார்த்தாள். ஆறாம் நாள் நோட்டை என் முன்னால் நீட்டினார்.

"இத எழுதினது நீதானே?"

இந்தக் கேள்விக்குத்தானே இத்தனை மாதம் காத்திருந்தேன்!

"ஆமா மாமா. அஞ்சு பத்தி மட்டுமில்ல. முழுக்கதையும்."

"மூட்டையக் கட்டு" என்றார். அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். "எந்தக் கதை? நீங்க எழுதினதுன்னு எனக்குப் படிச்சுக் காட்டினீங்களே, அதுவா?" அவர் நோட்டைக் கீழே வைத்தார். "அவ எங்கயும் போகமாட்டா" என்றாள் அத்தை. அவரைப் பார்த்துப் பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

இன்று வகுப்பில் இலக்கணம். "மொழிக்கு முதல்ல வராத எழுத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நிமிர்ந்தார். கை தூக்கியிருந்தவள் நான் ஒருத்திதான்.

"மத்தத வீட்ல படிங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

மணி அடிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை அக்கா.

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதும்,
கடைசி பெஞ்சு