கட்டுப் போடாத கை

அன்புள்ள அப்பா,

நடந்ததை ஒன்று விடாமல் உண்மையாக எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

தகடு வைத்து ஆபரேஷன் செய்த அக்காவின் வலது கையில் நல்ல பிடி வரும்வரை ஆடவே கூடாது என்றார் டாக்டர். ஆனால் நாளைக் காலை நீலசந்திரா மைதானத்தில் அவளுக்குக் கபடி மேட்ச். சாயங்காலம் அக்கா இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது நல்ல கை!"

"தெரியும் டீச்சரம்மா. எதிர் டீம் பொண்ணுங்க கட்டுப் போட்ட கையத்தான் புடிச்சு முறுக்குவாளுங்க. முறுக்கட்டும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, செயின் பிடித்துப் பார்க்கலாம் என்று வலது கையை நீட்டினாள். கபடி பாடி வருபவளை மடக்க இரண்டு பேர் கை கோத்து நிற்பார்களே, அதுதான். நான் மெதுவாகத்தான் இழுத்தேன், அப்பா. அவள் விரல்கள் பிடிக்க முடியாமல் என் கையிலிருந்து நழுவிவிட்டன.

அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். இதை அம்மாவின் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். அவள் பஸ் ஏறுவதற்குள் கூப்பிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியைப் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வலது முழங்கையால்தான் சுவிட்சை அழுத்தினாள், விரலால் அல்ல.

உங்கள் சின்ன மகள்