சுருவக்கூட்டுக்கு நாலு பக்கம்

யூலை 13, ஞாயிறு

நற்கருணை வாங்கித் திரும்பி வரும்போது சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. முகத்தில் பக்தி கொஞ்சம் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து, இன்னும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பூசை முடிய கோயில் மூப்பர் பஸ்தியாம்பிள்ளை அண்ணர் வாசலில் மறித்தார்.

"என்ன மரியநாயகம், தலையிலை தேங்காய் துருவினனியோ?"

காலமை வெட்டின அக்கிறிலிக் தூள். தலை, மீசை, சேட்டுப் பை எல்லாம் வெள்ளை. தட்டத் தட்ட விழாமல் இன்னும் ஒட்டுது. தலை குனிந்தது எல்லாருக்கும் வடிவாகக் காட்டத்தான் உதவியிருக்கிறது.

என்ர மனுசி மார்கிறட் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறா. மாதா சுருவத்தின் பழைய மரக்கூடு கறையானும் உப்புக்காற்றும் தின்று இத்துப்போச்சு. ஆகஸ்ட் ஆறு கொடியேற்றம். அதற்கு முதல், கண்ணாடி மாதிரி இருக்கிற அக்கிறிலிக் பலகையில் புதுக்கூடு ஏற வேண்டும். மகள் டக்சாயினிக்காக. போன வருசம் பிள்ளை தங்கவில்லை. இப்போது எட்டாம் மாதம். "காசு குடுத்து ஆரும் செய்விக்கலாம். எங்கட கையாலை செய்யோணும்" என்றா. எங்கட கை என்றால் என்ர கை.

அதற்கென்ன, எத்தனை பைபர் வள்ளத்தை வெட்டி ஒட்டினவன் நான் என்று கிறைண்டரைத் தூக்கினேன். வெட்டின இடம் உருகிப் பின்னாலேயே திரும்ப ஒட்டிக்கொண்டு வருகுது. முன்னுக்கு வெட்டு, பின்னுக்குத் தையல். ஒரு மூலை பழுது.

யூலை 15

இரண்டாவது மூலையும் பழுது. கிறைண்டரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மார்கிறட் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தா. அதைவிடக் கேட்டிருக்கலாம்.

யூலை 17, வியாழன்

அலுமாரி செய்கிற பிரதீபனிடம் வட்ட வாள் இரவல் கேட்டுப் போனேன். என் வெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இதை முதலையோ கடிச்சது, அண்ணை?"

"முதலை என்றால் இன்னும் நேராய்க் கடிச்சிருக்கும். வாளைத் தா."

"தாறன். மரத்துக்குப் போடுற தட்டு வேண்டாம். பல்லு நெருக்கமான தட்டுப் போடுங்கோ. மேலை ஒட்டியிருக்கிற கடதாசியைப் பிய்க்காதேங்கோ. கீழை பிளைவூட் விரிச்சு, ரண்டு பக்கமும் தாங்கல் குடுங்கோ. இல்லாட்டி முடிவிலை வெடிக்கும்."

நான் ஏற்கெனவே பாதிக் கடதாசியைப் பிய்த்துவிட்டேன். எவ்வளவு பளபளப்பு என்று பார்க்கத்தான். அதை அவனுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிய்த்த இடத்துக்கு ஒட்டு ரேப் சுத்தினேன்.

யூலை 19

வாளின் அடித்தட்டு விளிம்பிலிருந்து பல்லு எவ்வளவு தூரமோ, வெட்டுக் கோட்டிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி அலுமினியக் கம்பியை இறுக்க வேணும். அந்தக் கம்பியோடு வாள் ஓடினால் கோடு தானாக நேராக வரும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இது விளங்க அரை நாள். வாள் தின்னுகிற கனத்தையும் கணக்கில் எடுக்க வேணுமாம். எடுக்கவில்லை. முதல் துண்டு அவ்வளவுக்குக் கட்டை.

மெல்லத் தள்ளினால் உருகுது. கெதியாய்த் தள்ளினால் வெடிக்குது. இடையில் நிற்பாட்டினால் அந்த இடத்தில் கறுத்த வடு. தொடங்கினால் முடிக்கிற மட்டும் ஒரே மூச்சு.

யூலை 21, திங்கள்

டக்சாயினிக்கு பிரஷர். கிளினிக்கில் பார்த்துவிட்டு வீட்டுக்கு விடவில்லை. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். மார்கிறட் துணைக்கு நிற்கிறா. உடுப்புப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளின் கால் வீங்கி, பாட்டா செருப்புக்குள் போகாமல் நிற்குது.

"அப்பா, உங்கட தலையிலை என்ன?" என்று சிரித்தாள். போன வருசமும் இதே வாட்டுத்தான். அவளுக்கும் ஞாபகம் இருக்கும். அதுதான் சிரிக்கிறாள்.

மார்கிறட் என்னை வெளியே கூட்டிவந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"கூடு?"

"நடக்குது."

"நடக்க வேண்டாம். முடியுங்கோ."

யூலை 24

நாலு பக்கமும் வெட்டியாச்சு! ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கி விளிம்பில் விரலை ஓட்டினேன். எங்கேயும் தட்டவில்லை. பிரதீபனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "முதலைக்குப் பல்லுக் கட்டினியளோ?" என்று பதில் போட்டிருக்கிறான்.

மரச்சட்டத்தில் பலகை இறங்கத் தவாளிப்பு வெட்டி நாலையும் இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போய் இருந்தது. அதற்குள் அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோச்சு, கவலையில்லை.

யூலை 27, ஞாயிறு

இதை எப்படி எழுதுகிறது.

பூசைக்குப் பிறகு கூட்டைக் கொண்டுபோய் வைத்தோம். மாதா உள்ளே அளவாக நின்றா. சனம் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஓரமாக நின்றேன், ஆரும் கேட்டால் சொல்லலாம் என்று. பஸ்தியாம்பிள்ளை அண்ணர் சுற்றிவந்தார். இன்னொருக்கால் சுற்றிவந்தார்.

"மரியநாயகம். முடி எங்கை வைக்கிறது?"

முடி. கொடியேற்றத்துக்கு மட்டும் அலுமாரியிலிருந்து எடுத்து வைக்கிற கிரீடம். வருசா வருசம் அதைச் சூட்டுகிற நேரம் சனத்தோடு நின்று அழுகிறவன் நான். அளவெடுக்கப் போன நாள் சாதாரண நாள். மாதாவின் தலையில் ஒன்றும் இருக்கவில்லை. தலையோடு அளவெடுத்துவிட்டேன். முடிக்கு ஆறு அங்குலம் வேணும்.

"பெருநாளுக்கு மாதா தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறதோ?" என்றார் அண்ணர். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய.

ஒரு மயிர் பிசகாமல் வெட்டினனான். பிழையான அளவை.

யூலை 28

ஆஸ்பத்திரியிலிருந்து மார்கிறட் போன் எடுத்தா. இரவு டக்சாயினிக்குப் பிரஷர் ஏறி இறங்கினதாம். "கூடு ஏறிட்டுதோ?"

"ஓம். மாதா உள்ளை நிக்கிறா."

பொய்யில்லைத்தானே? மாதா உள்ளேதான் நின்றா. முடி வைத்தால் மேல் மூடிதான் பூட்ட ஏலாது.

"அப்ப எனக்குப் பயமில்லை" என்றா மார்கிறட். போனை வைத்துவிட்டு விறாந்தையில் இருந்தனான். ஏன்ரா உனக்கு இந்த வாய்? நேர்த்தியை நான் நம்புகிறேனோ இல்லையோ, அவ அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அந்த வாட்டில் நிக்கிறா. இப்ப அதை வெட்டிறதோ?

யூலை 30, புதன்

பிரதீபன் வந்து பார்த்தான். சிரிக்கவில்லை. பகிடி விடாத பிரதீபன் எனக்குப் பயம்.

"நாலையும் புதுசா வெட்ட மிச்சப் பலகை காணாது, அண்ணை. மேலை ஆறு அங்குலப் பட்டி நாலு ஏத்துவம். இடையிலை தேக்குச் சட்டம் குடுத்தால் வேணுமெண்டு செய்தமாதிரி இருக்கும்."

"மிச்சத் துண்டிலை நாலு பட்டி வருமோ?"

அளந்தான். வாள் தின்னுகிறதையும் சேர்த்து அளந்தான். "வரும். அஞ்சாவது வராது."

"நீயே வெட்டிவிடன்ரா."

"வெட்டலாம். பிறகு மார்கிறட் அக்காவுக்கு ஆர் மறுமொழி சொல்லிறது?"

ஆகஸ்ட் 1

அஞ்சாவது பட்டி வராது. வெட்டவில்லை. வாளைத் துடைத்தேன். கம்பியை இறுக்கி, கழற்றி, திரும்ப இறுக்கினேன். சிவப்பு எறும்பு மாதிரி ஒரே இடத்தில் ஓடிக்கொண்டு நிற்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டு பட்டி சரி.

மருமகன் டினோஜன் கடலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே நிற்கிறான். போனில் "மாமா, பிள்ளையைச் சுத்தின தண்ணி குறையுதாம்" என்றான். பிறகு "ஒண்டுமில்லை மாமா" என்றான். எதை நம்புகிறது?

ஆகஸ்ட் 4, திங்கள்

காலமை மூன்றாவது பட்டி. சரி.

மத்தியானத்துக்குப் பிறகு நாலாவது. அதுவும் சரி. நாலிலும் அதுதான் நேரான வெட்டு.

வாளை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் மார்கிறட் எடுத்து எடுத்து ஓய்ந்திருக்கிறா. நான் திரும்ப எடுக்க, அழுகைச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு சொன்னா — பெடிச்சி, எங்களுக்குப் பேத்தி. வயிற்றை வெட்டி எடுத்தவையாம். சின்னன், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கினம், ஆனால் நல்லாய்க் கத்துறாளாம். தாய் சுகம்.

"ஏனப்பா போன் எடுக்கேல்லை? நான் இஞ்சை செத்துப் பிழைச்சன்!"

"வாள் சத்தம். கேக்கேல்லை."

"கூடுதான் ஏறிட்டுது எண்டியள், பிறகென்ன வாள்?"

பிடிபட்டேன். முடிக் கதையை முழுக்கச் சொன்னேன். போனில் அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அதையும் அளக்கேல்லையோ நீங்கள்!" என்றா. இனிப் பேத்திக்குப் பேத்தி வரைக்கும் இந்தக் கதை போகும்.

ஆகஸ்ட் 5

சட்டம் பூட்டி, பட்டி ஏற்றி, மூடி வைத்தாச்சு. பிரதீபன் ஆணி பிடித்துத் தந்தான். அவ்வளவுதான் அவன் கை பட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

முடி வைத்தார்கள். மேலே இரண்டு விரல் இடம் மிச்சம். பஸ்தியாம்பிள்ளை அண்ணர் என் தோளில் தட்டி, "அடுத்த முறை மாலைக்கும் சேர்த்து அளந்துகொள்" என்றார். கொடி ஏறியது. கடற்காற்றில் படபடவென்று அடித்தது.

மார்கிறட் டினோஜனைத் துணைக்கு விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டா. வெள்ளைச் சேலை, நித்திரையில்லாத கண். கூட்டுக்கு முன்னால் நின்று பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா:

"பேத்தி பிறந்த நேரம் இந்த மனுசன் இதைத்தான் வெட்டிக்கொண்டு நிண்டது. எத்தினைதரம் எடுத்தனான்! வேலை எண்டு இறங்கினால் இவருக்கு உலகமே கேக்காது."

பெருமையாகத்தான் சொன்னா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கேட்டது. போனின் முதல் மணியே கேட்டது. வாள் பாதிப் பலகையில் ஓடிக்கொண்டு நின்றது. மேசையில் போன் மினுங்கி, அவவின் பெயர் விழுந்தது. போன வருசம் பிள்ளை தங்காத அன்றும் இப்படித்தான் எடுத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அழுதவ. வாள் ஓடுகிற மட்டும் எனக்கு ஒரு செய்தியும் வராது என்று நினைத்தேன். அதுதான் வாளிலிருந்து கையை எடுக்கவில்லை.