வெல்வெட் எறும்பும் சுண்ணாம்பும்

மே 4
காலையிலேயே அனல். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் பின்னால் படுகை மணலில் அது மறுபடி ஓடியது. கல்லூரியில் வெல்வெட் எறும்பு என்றார்கள். எறும்பே இல்லை, குளவி. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. உடம்பெல்லாம் சிவப்பு மயிர், வயிற்றில் வெள்ளைப் பொட்டு. ஆணுக்கு இறக்கை உண்டு, கொடுக்கு இல்லை. குச்சியால் அமுக்கினால் கீச்சென்று சத்தம். நசுங்கவே மாட்டேன் என்கிறது. அம்மா அதற்குப் பெயர் சொல்வதில்லை, "தொடாதே" என்பாள், அவ்வளவுதான்.
சோப்பு, பேனா மை வாங்கணும்.

மே 5
மண்ணில் வளை தோண்டும் ஒரு வகைத் தேனீ உண்டு; அதன் வளைக்குள் அது நுழைந்தது. உள்ளே முட்டையிடும். அதன் புழு தேனீயின் பிள்ளையைத் தின்று வளரும்.
குடியிருப்பவர்களுக்கே மனை என்று சர்க்கார் சட்டம் போட்டாலும் போட்டது, பண்ணைக் காரியக்காரருக்கு வாய் நீண்டுவிட்டது. நாங்கள் குடியிருக்கும் இந்தத் திடல் வருஷா வருஷம் எள் விதைத்த மண்ணாம். பட்டாவுக்காகப் போன வாரம்தான் குடிசை போட்டோமாம். "அடுத்தவன் வளையில பூந்துக்குற கூட்டம்" என்று டீக்கடையில் பேசினாராம். யார் வளை? மண் சுமந்து மேடாக்கியவர் என் தாத்தா.
உழுத மண்ணில் இத்தனை வளை இருக்குமா, விசாரிக்க வரும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அந்த ஆர்.ஐ.யிடம் காட்டட்டுமா என்றேன். அப்பா சிரித்தார். "பூச்சி சாட்சி சொன்னா எவன் எழுதுவான்?"

மே 7
நாளை ஆர்.ஐ. விசாரணை. அம்மா வாசல் மெழுகினாள். இவனுகளுக்கு எதற்கு என்று கத்தினேன். அவள் மெழுகி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மே 8
வந்தார்கள். காரியக்காரர் சலவை வேட்டியில். அம்மா, அப்பா எதிரே நிற்கும்போதே, "ஆளில்லாத திடலுங்க. இதுங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார்.
மணலில் அந்த வெல்வெட் எறும்பு ஓடியது. தம்பலப்பூச்சி, எவ்வளவு நல்ல மண் பாருங்கள் என்று காரியக்காரர் ஆர்.ஐ.யிடம் பெருமையடித்துக் கையில் எடுத்தார். தம்பலப்பூச்சி கொட்டாத சிவப்புப் பட்டுப்பூச்சி; மழை பெய்யாமல் எந்த ஊரில் அது வரும்? தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.
கொட்டியது. அலறிக்கொண்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.
"மருதாயி, சுண்ணாம்பு கொண்டா. எப்பவும் மாடத்துலதானே வச்சிருப்ப, சீக்கிரம்" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.
கொடுக்காதே என்றேன். அம்மா கொண்டுவந்து தடவினாள்.
ஆர்.ஐ. காரியக்காரர் முகத்தைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.
"அம்மா, உங்க முழுப் பேரச் சொல்லுங்க."