நாற்றமே இல்லாத ஆய்வகம்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் உட்கார்ந்தால் பாப்பா மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்குகிறாள். இப்போதுதான் தூங்கினாள்.

இன்று சாயங்காலம் அவளுக்கு ஆம்லெட் போட முட்டை உடைத்தேன். கூமுட்டை. கறுப்பாகக் கலங்கி வாணலியில் விழுந்தது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருமம், மொதல்ல வெளிய கொட்டு புள்ள" என்று கத்தினார். நான் அசையாமல் நின்றேன். அந்த நாற்றத்தில் நீ வந்து நின்றாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. நீ திரும்பி வர இப்படி ஒரு வழிதானா கிடைத்தது?

எம்.எஸ்சி. படித்தபோது நம் வேதியியல் ஆய்வகத்தில் இந்த நாற்றம் அடிக்காத நாளே கிடையாது. நாங்கள் எல்லோரும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொள்வோம். நீ மட்டும் சோதனைக் குழாயின் வாயைக் கையால் விசிறி மோந்துவிட்டு, "சல்பைடுதான், எழுதிக்க" என்பாய். "பாலக்கோட்டு தக்காளி மண்டியில வளந்த மூக்குடி இது. பொட்டியத் தொறக்காமலே அழுகல் எதுல இருக்குதுன்னு சொல்லிருவேன். எங்கப்பாவே என்னைக் கேட்டுட்டுத்தான் எடுப்பாரு" என்று பீற்றிக்கொள்வாய். பாப்பா வயிற்றில் இருந்தபோது வாசல்படியிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு என் பங்குக்குக் கொடுத்த உப்பையும் நீயே சோதித்து எழுதினாய். "வாந்தி வந்தா எடு. ஆனா மூக்க மூடாத. அது ஒண்ணுதான் நம்மகிட்ட பொய் சொல்லாது" என்றாய்.

பாப்பாவால் விட்டுப்போன தேர்வுத் தாள்களை எழுதி முடித்து இப்போதுதான் பட்டம் வாங்கினேன். அடுத்து என்ன என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. மொரப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்க ஆள் தேடுகிறார்கள். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். பாப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டும். இன்னொன்று, என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் மூலம் வந்த ஒரு கல்லூரி வேலை. வியாழக்கிழமை அங்கே போய்வந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாளாளர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். விரலைத் துடைக்காமலே என் பட்டச் சான்றிதழைப் புரட்டினார். ஓரத்தில் எண்ணெய் பதிந்தது.

"தினமும் வர வேணாம்மா. கொழந்தையப் பாத்துக்கங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்து ஒக்காந்தாப் போதும். ஒரிஜினல் மட்டும் திங்கக்கெழம கொண்டாந்து குடுத்துருங்க, இங்கயே இருக்கட்டும்."

"அப்ப கிளாஸ் யாருங்க எடுப்பாங்க?"

"அதெல்லாம் ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டுப் பல்லில் சிக்கியதைக் குண்டூசியால் குத்தி எடுத்தார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாப்பாவை விட்டுப் பிரிய வேண்டாமே என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் பஜ்ஜி விரலைவிட அருவருப்பாக இருக்கிறது.

ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பூட்டைத் திறந்து காட்டினார்கள். குப்பிகள் எல்லாம் வரிசையாக, மூடியில் ஒட்டிய தாள்கூடக் கிழியாமல். கூமுட்டை நாற்றமடிக்கும் அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப்ஸ் குடுவை மேசை நடுவில் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. மூச்சை இழுத்தேன். பினாயில். வேறு ஒன்றுமே இல்லை. அமிலம் இல்லை, அமோனியா இல்லை, கூமுட்டை இல்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

வெளியே மூன்றாம் வருடப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "மேடம், நீங்க புதுசா? தினமும் வருவீங்களா?"

"ஏம்மா?"

"பிராக்டிகல்னா வீடியோதான் போடுறாங்க மேடம். நாங்க இன்னும் ஒரு உப்பக்கூடத் தொட்டதில்ல."

"வுடுடி, நகமாவது கெடாம இருக்குதில்ல" என்று மற்றவள் அவளை இடித்தாள். இருவரும் சிரித்தார்கள். நம்மைப் போலவேதான் சிரித்தார்கள். நான் வந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அவர் சொல்கிறார்: "ஊரே பண்றதுதான. வூட்லயே இருந்து சம்பளம் வந்தா கசக்குதா?" அத்தை அடுப்படியிலிருந்து, "நல்லதா ஒண்ணு வந்துரக் கூடாது, இவளுக்கு ஒடனே ஒமட்டும்" என்கிறார். இன்று சாப்பிடும்போது அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "எனக்கு நாறுதுங்க." அவர் தட்டிலிருந்து தலை தூக்காமல், "அதான் முட்டையக் கொட்டியாச்சே" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஒரிஜினலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பைலைத் தன் பையில் தயாராக வைத்திருந்தார். சற்று முன் அதை எடுத்துச் சான்றிதழின் ஓரத்தை மோந்து பார்த்தேன். பஜ்ஜி வாடை இன்னும் போகவில்லை. பாப்பாவின் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கொடுக்க மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகப் போகிறேன். முதல் நாள் பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அங்கே ஆய்வகம் எப்படியிருக்கும் என்றும் தெரியாது. போய் மோந்து பார்த்தால்தான் தெரியும்.

உன் மூக்கை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய். வாயை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை அவர் பைல் எங்கே என்று கேட்பார். நீயாக இருந்தால் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்திருப்பாய். என்ன சொல்வாய் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

சீக்கிரம் பதில் போடு.