தளபதியோடு மலையேற்றம்

மார்ச் 4, திங்கள்

நேற்று ஏறியதைக் குன்று என்கிறாள் என் மனைவி. ஏறிய எனக்குத்தான் தெரியும், அது மலை.

இன்று கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு லிஃப்டைப் பழுது பார்க்கப் போனேன். படியில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். காவலாளி பார்த்துவிட்டு, "என்ன சார், எதையாவது தேடறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

எப்படி இதில் மாட்டினேன்? ஜூனில் அவளுக்கு ஐம்பது முடிகிறது. அதை வடக்கே ஒரு பெரிய பனிமலையின் உச்சியில் நின்று கொண்டாட வேண்டுமாம். கூட வருவதாக இருந்த தோழி கழன்றுகொண்டாள். கூடாரத்துக்கு இருவர் என்பது அங்கே அழைத்துப்போகும் மலையேற்றக் குழுவின் கணக்கு. இரவுச் சாப்பாட்டின்போது, "நீங்க வர்றீங்களா?" என்றாள். நான் அதைக் கேள்வி என்று நினைத்து, "பாக்கலாம்" என்றேன். மறுநாளே என் அளவில் பூட்ஸ் வந்து இறங்கிவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

இன்றும் அதே குன்று. இனி இந்த நோட்டில் மனைவிக்குத் தளபதி என்று பெயர். அவள் இதைப் படித்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியாது.

தளபதிக்கு நிற்கத் தெரியாது. நான் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று இயற்கையை ரசித்தேன். "ரசிச்சது போதும், மூச்சு வந்துடுச்சுல்ல, நடங்க" என்றாள்.

மார்ச் 13, புதன்

சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பயிற்சி. வினை வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கே படியில் போகிறான் என்றால் லிஃப்டில் ஏதோ கோளாறு என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. மேல்மாடிப் பல் மருத்துவர் மூச்சு வாங்க எதிரில் வந்து, "எங்ககிட்ட சொல்லாம நீங்க மட்டும் தப்பிச்சுக்கறீங்களே, நியாயமா?" என்றார். மலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். நம்பவில்லை. என் வயிற்றைத்தான் பார்த்தார்.

மார்ச் 31, ஞாயிறு

மானம் போன நாள்.

பை கனமாக இருக்க வேண்டும் என்று வாரத்துக்கு வாரம் தண்ணீர் பாட்டில்களைக் கூட்டிக்கொண்டே போகிறாள். இன்று அவள் முன்னால் போனதும், புதர் ஓரமாக இரண்டைக் கவிழ்த்துவிட்டேன். மேலே போனதும் என் பையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"தண்ணி எங்க?"

"குடிச்சுட்டேன்."

"அவ்வளவுமா?"

"தாகம்."

தன் பாட்டில்கள் இரண்டை எடுத்து என் பையில் வைத்தாள். "மறுபடி தாகம் எடுத்தா சொல்லுங்க. இன்னும் இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மழை. போகவில்லை. கடவுள் இருக்கிறார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஒரு விஷயம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்றும் மழை. ஜன்னலருகே நின்று, விடுமா விடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் — நான்.

மே 15, புதன்

மலையேற்றக் குழுவுக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்று இருவரும் போயிருந்தோம். எனக்கு ஐந்தே நிமிடம். "நல்லா இருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார் டாக்டர். அவளுக்கு ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்தார். உட்காரவைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் இன்னொரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார்.

மருந்துக்கடை வைத்து ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்துச் சொல்கிறவள். தனக்கு ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை.

"மாத்திரை ஆரம்பிக்கணும். இந்த வருஷம் உயரத்துக்குப் போகக் கூடாது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் பைகள் இரண்டையும் பரணில் ஏற்றினாள். நான் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

மே 17, வெள்ளி

கேட்டால் பதில் வருகிறது. உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மட்டும்.

மே 19, ஞாயிறு

விடிந்ததும் எழுந்துவிட்டேன். பழக்கம். அவள் சமையலறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. தனியா வர்ற இன்னொரு ஆளோட உங்களைச் சேத்துக்கறாங்களாம். கேட்டுட்டேன்."

"நீ இல்லாம நான் எதுக்கு? உனக்காகத்தானே..."

"எனக்காகப் போக வேணாம். உங்களுக்கு ஆசை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல கணவன் அப்படித்தான் சொல்வான். வாயைத் திறந்தால், "இருக்கு" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, எவ்வளவு இருக்கிறது என்று.

என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "பாவி மனுஷா. உங்களை இழுத்துட்டுப் போறதுக்கு நான் பட்ட பாடு" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் அழுதாள். நாற்காலியைப் போட்டு நானே பரணிலிருந்து ஒரு பையை இறக்கினேன். ஒன்றை மட்டும் இறக்குவது கஷ்டமாக இருந்தது.

ஜூன் 8, சனி

மேல் முகாம். விரல் விறைத்துப்போய் எழுத்து இன்னும் மோசம். கூடாரத்தில் என்னோடு இருப்பவர் ஒரு பேக்கரிக்காரர். தூக்கத்தில் ஆர்டர் எடுக்கிறார். நாளை உச்சி.

ஜூன் 9, ஞாயிறு

உச்சி இல்லை.

இருட்டிலேயே கிளம்பினோம். விடிந்தபோது உச்சி கண்ணெதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. அப்போதுதான் காற்று மாறியது. வழிகாட்டி நின்று, மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இறங்கணும்" என்றார். பேக்கரிக்காரர் கெஞ்சினார். நானும்தான், எதற்கு மறைக்க வேண்டும்? "மலை எங்கயும் போகாதுங்க" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். கீழ்முகாம் வந்து சேர்வதற்குள் மேலே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக மூடிக்கொண்டது.

அவளிடம் எப்படிச் சொல்வது? வரிசையில் நின்று முகாம் போனில் கூப்பிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "முடியல. பாதியில இறங்கிட்டோம்" என்றேன்.

அவள் உடனே கேட்டாள்:

"காத்தா?"

"ஆமா. வழிகாட்டி திரும்பச் சொல்லிட்டார்."

"சொன்னதும் திரும்பிட்டீங்களா?"

"கொஞ்சம் கெஞ்சினேன். அப்புறம் திரும்பிட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் இருந்திருந்தா திரும்பியிருக்க மாட்டேன். அவர்கிட்ட சண்டை போட்டுட்டு மேல போயிருப்பேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "நீங்களும் பேசாம என் பின்னாடியே வந்திருப்பீங்க."

வந்திருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் தோளைத் தட்டும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

சமதரையில் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். பாதி வழியில், யாரும் சொல்லாமல் அவளாகவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நாரைகளைப் பார்த்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, "அடுத்த வருஷம் கொஞ்சம் சீக்கிரமாவே பதிவு பண்ணிடலாமா?" என்றேன்.

சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.